சைக்கிளைக் காட்டாமல் சொல்யூஷன் கிடையாது

கூத்தாநல்லூரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் கலந்தரை ஊரில் பாதிப் பேருக்குப் பிடிக்காது. காற்றிறங்கிய சைக்கிளைக் கண்ணால் பார்க்காமல் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனைப் பிள்ளைகளிடம் கொடுக்க மாட்டார். கெஞ்சினால் விரட்டுவார். மூன்று வருடமாக இப்படித்தான்.

அன்று சாயங்காலம் விவசாயி பஞ்சநாதன் டிராக்டரால் கடை வாசலை மறித்தார்.

“போன வாரம் நான் போன்ல சொன்னேன்னு எம் பொண்ணு பிரியாகிட்ட கிழிஞ்ச படுதாவ ஒட்ட சொல்யூஷன் குடுத்தீங்க. இன்னிக்கு அதே பொண்ண நாய வெரட்டுற மாதிரி வெரட்டுனீங்களாமே பாய்?”

“இன்னிக்கும் படுதாவுக்குன்னுதான் கேட்டுச்சு. செவ்வாக்கிழமையும் அதேதான், குடுக்கல. எத்தன படுதா வச்சிருக்கீங்க?”

பஞ்சநாதன் மனதுக்குள் கணக்குப் போட்டார். இருப்பது ஒரே படுதா. அதை ஒட்டியும் ஒரு வாரமாகிறது. பிரியா சரியாகச் சாப்பிடுவதில்லை, தலைவலி என்கிறாள், வாயோரமெல்லாம் புண். பள்ளி விட்டதும் வயலிலிருக்கும் மோட்டார் கொட்டகைக்குப் போய்விடுகிறாள்.

“இன்னிக்கு அவ காலை ஒடிக்கிறேன்” என்று டிராக்டரில் ஏறினார். கலந்தர் சாவியை உருவிக்கொண்டார்.

“குடுய்யா சாவிய.”

“தர மாட்டேன். மூணு வருசம் முன்னாடி என் தங்கச்சி மகன் ஆஸிம் சொல்யூஷன மோந்துக்கிட்டு இருந்தப்ப நான் இப்படித்தான் கத்திக்கிட்டே தொரத்துனேன். பத்தடி ஓடுனான், விழுந்தான். அவ்வளவுதான். அந்த ஆவி மூளையோட நிக்காதாம், டாக்டர் சொன்னார். உள்ள போயிருக்கிற நேரத்துல பயந்து ஓடுனா நெஞ்சுத் துடிப்பு தாறுமாறாகி நின்னுடுமாம். மொத தடவயே நிக்கலாமாம். நடந்து வாங்க. அவ மேல கைய ஓங்காதீங்க.”

வாய்க்கால் தாண்டினால் வயல். நடந்துகொண்டே கலந்தர் 108-ஐ அழைத்தார். கொட்டகையை நெருங்கும் முன்பே சொல்யூஷன் நெடி மூக்கில் ஏறியது. பஞ்சநாதன் பல்லைக் கடித்தார். கலந்தர் அவர் சட்டையை விடவில்லை.

“பிரியா” என்றார் பஞ்சநாதன். குரல் அவருடையதாகவே இல்லை. “வெளிய வாம்மா. அப்பா அடிக்க மாட்டேன்.”

சுவரைப் பிடித்துத் தள்ளாடி வந்தாள். காற்று வரும் வரப்பில் உட்கார வைத்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்து, அவளைப் படுக்க வைத்து, நர்ஸ் நாடி பிடித்துத் தலையசைத்த பிறகுதான் பஞ்சநாதன் கலந்தர் பக்கம் திரும்பினார்.

“மத்தத எங்க வாங்கினாளோ, மொத சொல்யூஷன் டியூப நீங்கதானே குடுத்தீங்க?”

“ஆமா. ஆஸிமுக்கும் நான்தான் குடுத்தேன்” என்றார் கலந்தர். சாவியை அவர் கையில் வைத்துவிட்டு நடந்தார்.