மேற்கே திறந்த கோழிக்கொட்டகை

என் அண்ணனை எனக்குப் பிடிக்காது. அவன் செத்துப் பல வருஷம் ஆன பிறகும் பிடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

புருஷன் போனதும் இருபத்தாறு வயதில் தென்காசிக்கு, அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தேன். மதினி என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். மறுநாளே அடுப்படியை என்னிடம் விட்டுவிட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஒன்பது வருஷம் அந்த வீட்டுக்குப் பொங்கிப் போட்டேன். சீசன் வந்தால் தீர்ந்தது. குற்றாலத்தில் குளிக்க வருகிற சொந்தமெல்லாம் எங்கள் வீட்டில்தான் இறங்கும். அருவியில் குளித்தவர்களுக்கு எடுக்கிற பசி சாதாரணப் பசி இல்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் பிளாக் ஆபீஸ் அதிகாரி ஒருவர் தெருத்தெருவாக வந்தார். வெள்ளைக் கோழி நிறைய முட்டை இடும், குற்றாலத்து விடுதிகளே வாங்கிக்கொள்ளும் என்றார். எங்களுடையது முட்டை ஓட்டைக்கூடப் பார்க்காத சைவத் தெரு. எல்லாரும் முகம் சுளித்தார்கள். நான் அவர் பின்னாலேயே போய் நூறு குஞ்சு கேட்டேன்.

கொல்லைப்புறத்து மாட்டுத்தொழு, அப்பா என் பேருக்கு எழுதிவைத்தது. அதனால் அண்ணனால் தடுக்க முடியவில்லை. கெடு வைத்தான்.

"சைவ வீட்டுக் கொல்லையில கோழியாக்கும்! ஆடி முடியுத வரைக்கும் நடத்திப் பாரு. தேறலன்னா தொழுவ என் பேருக்கு எழுதிக் குடுத்துட்டு, வாயப் பொத்திக்கிட்டு அடுப்படியில கெட."

"எழுதித் தாரேன்" என்றேன். கூடத்திலிருந்து மதினி சிரித்தது காதில் விழுந்தது.

தொழுவைக் கொட்டகையாக்கும்போதுதான் எனக்குப் புத்தி கெட்டது. எங்கள் ஊரில் மேற்கே ஜன்னல் இல்லாமல் யாரும் வீடு கட்டுவதில்லை. மலையிலிருந்து வருகிற சாரல் காற்று முகத்தில் பட்டால் எந்தச் சீக்கும் போய்விடும் என்று நம்புகிற ஜனங்கள். நானும் அதே ஜனம்தானே. மேற்குச் சுவரை இடித்துவிட்டுக் கம்பிவலை அடித்தேன். அதிகாரி பார்த்துப் பதறினார். "மேற்குப் பக்கத்தை அடைச்சிருங்கம்மா. குஞ்சுக்கு ஈரக்காத்து ஆகாது." அவர் எங்கேயோ வறண்ட சீமைக்காரர்.

"எங்க ஊரு சாரலப் பத்தி நீங்க எனக்குச் சொல்லுதீயளாக்கும்?" என்றேன். அந்தத் திமிரை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறையத் தோன்றுகிறது.

குஞ்சுகள் வந்து இரண்டு வாரம் இருக்கும். ஆனி மாதம், ஒரு விடியற்காலையில் சாரல் பிடித்துக்கொண்டது. ஊரே பல்லை இளித்துக்கொண்டு குற்றாலத்துக்குக் கிளம்பியது. விருந்தாளிகளுக்கு இட்லி அவித்துப் போட்டு, அவர்களை அருவிக்கு அனுப்பிவிட்டுத் தொழுவுக்கு ஓடினேன். சூட்டுக்காக வைத்திருந்த அரிக்கேன் விளக்கு அணைந்து கிடந்தது. நனைந்த குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மூலையில் குவிந்திருந்தன. அடியில் இருந்தவை நசுங்கிச் செத்திருந்தன.

அண்ணன் குடையோடு வந்து எட்டிப் பார்த்தான். "பத்திரம் எழுத ஆள் வரச் சொல்லுதேன்" என்றான். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

ஆத்திரத்தோடு முந்தானையை விரித்தேன். உயிர் இருந்ததையெல்லாம் மடியில் அள்ளினேன். அந்த வீட்டில் சூடு இருந்த இடம் ஒன்றுதான். நேரே அடுப்படிக்குள் போய், எரிகிற அடுப்பைச் சுற்றிச் சாக்கை விரித்துக் குஞ்சுகளை விட்டேன். முதலில் நடுங்கின. பிறகு கத்தின. பிறகு சோற்றுப் பானையைச் சுற்றி எச்சமிட்டன.

மதினி போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. அண்ணன் நிலைப்படியில் நின்று குதித்தான். "இனிமே ஒன் கையால இந்த வீட்டுல ஒருத்தரும் பச்சத் தண்ணி குடிக்க மாட்டோம். இந்த அடுப்படிய நீ மிதிக்கப்படாது, ஏட்டி!"

மதினிக்குத்தான் முதலில் உறைத்தது. பதினைந்து பேர் பசியோடு அருவியிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். அவன் துண்டைப் பிடித்து இழுத்தாள். தெருவே கேட்ட வார்த்தையை அவனால் திரும்ப வாங்க முடியவில்லை.

குஞ்சுகளை அள்ளிக்கொண்டு தொழுவுக்கே போனேன். மேற்குப் பக்கத்தை ஓலைத்தட்டியால் அடைத்தேன். ஆடி முடிந்தபோது நாற்பத்தொன்று தேறி உயிரோடு இருந்தன. பத்திரம் எழுத யாரும் வரவில்லை.

அடுப்படியை விட்டு வந்த அன்று மத்தியானமே தொழுவில் மூன்று கல் கூட்டி உலை வைத்தேன். அரிசியில் கையை விட்டவள் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஓர் ஆளுக்கு எவ்வளவு போட வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.