மூன்று பேர் இல்லாத திருவிருந்து

ராகேலம்மாளைப் போல ஒரு பிடிவாதக்காரியை என் இருபத்திரண்டு வருஷ ஊழியத்தில் நான் பார்த்ததில்லை. மூணாறு பக்கம் பள்ளிவாசல் என்ற ஊருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில், துரைமார் காலத்துக் கிறிஸ்தவக் கோவில் ஒன்று இருக்கிறது. சாவி அவரிடம்தான். வயது எழுபத்திரண்டு. கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவில் முப்பது வருஷம் ஆயாவாக இருந்தவர். குருவானவரான எனக்கு இப்படி ஆறு கோவில்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு டிரைவர் டிஜோவின் ஜீப்பில் போய், ஆராதனையை முடித்துவிட்டு அடுத்த கோவிலுக்கு ஓடுவேன்.

போன மழைக்காலம் வரை அங்கே சபை என்பது மூன்று பேர். ராகேலம்மாள், ஓய்வுபெற்ற வாட்ச்மேன் சுவக்கீன், அவர் மனைவி. மழை விட்டதும் சுவக்கீன் தம்பதியை மகள் போடிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அடுத்த முறை நான் போனபோது முன் பெஞ்சில் ராகேலம்மாள் மட்டும் உட்கார்ந்திருந்தார். வழக்கம்போல திருவிருந்துக்கு அப்பத்தையும் திராட்சரசத்தையும் எடுத்து வைத்தேன்.

"அத மூடி வையுங்கய்யா. செபம் மட்டும் போதும்" என்றார்.

ஏனென்று கேட்டேன். பழைய ஜெபப் புத்தகத்தைத் திறந்து நீட்டினார். திருவிருந்து முறையின் கடைசியில் பொடி எழுத்தில் ஒரு விதி. குருவானவரோடு பந்தியில் சேர மூன்று பேராவது இல்லாவிட்டால் திருவிருந்து நடத்தக் கூடாது. சபைக்குப் புதிய புத்தகம் வந்து எத்தனையோ காலமாகிறது. இவர் மட்டும், மாமனார் திருநெல்வேலியிலிருந்து மூட்டையில் கட்டி மலையேற்றிய புத்தகத்தை விடவில்லை. அதில் இங்கிலாந்து ராஜாவுக்கான ஜெபத்தின் மேல் தாள் ஒட்டி, ஜனாதிபதி என்று யாரோ மசியில் எழுதியிருக்கிறார்கள்.

படித்த திமிர் என்னைச் சும்மா விடுமா? வரலாறு சொன்னேன். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் குருமார் லத்தீனில் முணுமுணுத்து அப்பத்தைத் தாங்களே சாப்பிட, ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள். அதை மாற்றத்தான் ஜனங்கள் பேசும் மொழியில் இந்தப் புத்தகம் வந்தது. ஒரு ராணி தடை செய்தாள், அடுத்த ராணி திரும்பக் கொண்டுவந்தாள்.

"தனியாச் சாப்பிடாதேன்னு அந்த விதி சொன்னது எங்கள மாதிரி குருமாரைத்தாம்மா. உங்கள இல்ல."

"யாருக்குச் சொன்னா என்னய்யா? காலையில கஞ்சி ஒத்தையில குடிக்கேன். பொழுதடைஞ்சா சோறு ஒத்தையில திங்கேன். இந்த ஒரு பந்தியாவது நாலு பேரோட இருக்கும்னு வருவேன். இங்கயும் ஒத்தையிலயா?"

எனக்குக் கோபம் வந்தது. மூணாறிலிருந்து இரண்டு பேரைக் கூட்டி வருகிறேன் என்று சிடுசிடுத்தேன். ஆள் பிடித்துக் கொண்டுவந்தால் அது பந்தியா என்று கேட்டார். டிஜோ கத்தோலிக்கன், எங்கள் பந்தியில் சேர மாட்டான், வாசலோடு சரி.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மகன் சுஜின் கூப்பிட்டான் என்று ராகேலம்மாள் ஒரு மாதம் இருந்துவரப் போனார். பத்தாம் நாள் திரும்பிவிட்டார். "மகனும் மருமகளும் ஷிப்டுக்குப் போயிருதாங்க. அங்கயும் சுவரத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். இங்க கோவிலாவது இருக்கு" என்றார்.

ஏழு மாதம் இப்படியே போனது. நான் வாழ்த்தச் சபை முழுதும் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் ஒரே ஒரு குரல் எழும்பும். கடைசியில் மூடியிருக்கும் திருவிருந்துப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பசித்த பிள்ளை அடுப்பைப் பார்ப்பதுபோல இருக்கும். ஈஸ்டருக்கும் அவர் வாயில் அப்பம் படவில்லை.

ஈஸ்டருக்கு மறுநாள் காலை டிஜோ வந்தான். ராகேலம்மாளுக்கு முடியவில்லையாம், நோயாளிகளுக்கான முறைப்படி திருவிருந்து கொடுக்க வரச் சொன்னாராம். பதறிப்போய் மலையேறினேன்.

கோவிலை ஒட்டிய தன் அறையில் நல்ல சேலை கட்டி, தலை வாரி, கட்டிலில் நீட்டிப் படுத்திருந்தார். மேஜையில் வெள்ளைத்துணி. நெற்றியைத் தொட்டேன், காய்ச்சல் இல்லாமல் ஜில்லென்று இருந்தது.

"என்ன சீக்கு?" என்றேன், கடுப்பாக.

தலையணைக்கு அடியிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். நோயாளிக்குத் திருவிருந்து கொடுக்கும் முறை. அதன் முடிவிலும் பொடி எழுத்து. கொள்ளைநோய்க் காலத்தில், அக்கம்பக்கத்தார் ஒருவரும் வர முடியாதபோது, நோயாளி கேட்டுக்கொண்டால் குருவானவர் மட்டும் அவரோடு பங்கெடுக்கலாம்.

"கொள்ளைநோய் எங்கேம்மா இருக்கு?"

"கீழ நம்ம லயத்துல வரிசையா பதினாறு வீடு, எல்லாம் நம்ம சபை சனம் இருந்துட்டுப் போன வீடு. போய் ஒரு கதவத் தட்டிட்டு வாங்க. ஒரு ஆளு எட்டிப் பாத்தா நான் எந்திருச்சிருதேன்."

நான் தட்டப் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முறையை வாசித்தேன். புத்தகத்தில் உள்ளபடி நான் முதலில் எடுத்து, பிறகு அவருக்குக் கொடுத்தேன். கண்ணை மூடி வெகுநேரம் மென்றார்.

கிளம்பும்போது, "அடுத்த மாசம் எப்படிம்மா, கோவிலுக்கு வருவீங்களா?" என்று கேட்டேன்.

"அடுத்த மாசமும் எனக்கு முடியாமத்தான்யா இருக்கும்" என்றார்.

தேதியைக் குறித்துக்கொண்டேன்.