வெட்டினாலும் எழுந்து வரும் 5882353

மேடையில் என்னை எதிர்த்துப் பேசி வென்றவர் புதுச்சேரியில் அதிகம் இல்லை. அந்தத் துணிவில்தான், கணக்காசிரியர் வேலைக்கான மாதிரிப் பாடத்துக்கு 5882353 என்னும் எண்ணைத் தேர்ந்தேன். பிரெஞ்சு ஆட்சி கைமாறிய பின் தொடங்கிய மாலைப் பள்ளி அது. மாணவர் யாவரும் பெரியவர்கள். பாடம் நிர்வாகிக்குப் பிடித்தால் வேலை எனக்கு, இல்லையேல் வேறொருவருக்கு.

அந்த எண்ணை 588, 2353 என இரண்டாக வெட்டுங்கள். ஒவ்வொன்றையும் அதனாலேயே பெருக்கி, விடைகளைக் கூட்டுங்கள். வெட்டுண்ட எண் முழுதாக எழுந்து வரும். பதினேழால் பெருக்கினாலோ பத்துக் கோடியே ஒன்று: இரு கரையிலும் ஒவ்வோர் ஒன்று, நடுவில் சுழியங்களின் அமைதிக் கடல். பாடத்துக்கு முந்தின மாலை குருசுக்குப்பத்துக் கடற்கரையில் நடந்தபோது, அலைகளின் மேல் அவ்வெண் மிதந்து வருவதாகவே தோன்றியது.

வெட்டிய எண் எழுந்து வரும் என்று வகுப்பில் குரலை உயர்த்தினேன். 588இன் வர்க்கம் 345744 என்று எழுதினேன். 2353இன் வர்க்கத்தை, அவையைப் பார்த்து முழங்கிக்கொண்டே, 5563609 என எழுதினேன். கூட்டினால் 5909353. எண் எழவில்லை.

முன்வரிசையில் பிரெஞ்சுப் படையிலிருந்து ஓய்வு பெற்ற சிப்பாய், 'சொல்தா' அந்தோணி. பெருக்கல் முடிந்ததும் குருசு எனப்படும் சிலுவைக் குறியாக இரு கோடிழுத்து, இலக்கங்களைக் கூட்டி, ஒன்பதுகளைத் தள்ளி, மீதியை ஒப்பிடுவது பிரெஞ்சுப் பள்ளி வழக்கம். அவர் அதைச் செய்து முடித்திருந்தார்.

"குருசு போட்டுப் பாத்துட்டேன் வாத்தியாரே. அந்தாண்ட ஏழு, இந்தாண்ட ஏழு. உங்க பெருக்கல் சரிதான்."

பெரிய மார்க்கெட்டில் பூ விற்கும் கன்னியம்மா சிரித்தார். "பெருக்கல் சரின்னா எண்ணு ஏன் திரும்பி வரல? கோவிச்சுக்கினு கடலூர் போயிடுச்சா?"

கடைசி வரிசையிலிருந்து நிர்வாகி கேட்டார்: "தம்பி, பேச்சு நல்லா இருக்குது. கணக்கு வருமா?"

சமாளிக்க மூன்று அழகிய வாக்கியங்கள் நாவில் இருந்தன. ஆயினும் கண்கள் பலகையை விட்டு அகலவில்லை. இலக்கங்கள் கனவில் போல மெல்ல அசைந்தன. ஒன்பது சோதனை, இலக்கங்களில் யார் யார் வந்திருக்கிறார்கள் என்றே கேட்கிறது. எவர் எங்கே அமர்ந்திருக்கிறார் என்று கேட்பதில்லை!

"இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதிட்டேன்னு நினைக்கிறேன். எதுன்னு தெரியல. எல்லாரும் பெருக்கிப் பாருங்க" என்றேன்.

பென்சில்கள் கிறீச்சிட்டன. சன்னலில் கடற்காற்று. நான் வாய் திறக்கவில்லை. அது எனக்கே புதிது.

"ஐயே, மூணும் ஆறும் இடம் மாறிக் குந்தியிருக்குது!" என்றார் கன்னியம்மா.

5536609 என்று திருத்திக் கூட்டினேன். வலப்புறமிருந்து மூன்று, ஐந்து, மூன்று என ஒவ்வோர் இலக்கமாக அந்த எண் எழுந்தது.

அந்தோணி மட்டும் ஒப்பவில்லை. "குருசு பொய் சொல்லாது வாத்தியாரே."

"பொய் சொல்லாதுங்க. முழுசாவும் சொல்லாது."

நிர்வாகி எழுந்தார். "நீ வாய மூடுன பிறகுதான்பா இவங்க பென்சில எடுத்தாங்க. திங்கக்கிழமையே வந்துடு."

கணக்குக் கற்பிக்க வரும் இளைஞர்களே, ஒன்பது சோதனை பொருந்தாவிடில் தவறு உறுதி. பொருந்திவிட்டால் விடை சரியென்பது உறுதியாகாது. வகுப்பு மௌனமாகக் கணக்கிடும் நேரத்தில் ஆசிரியரும் மௌனமாக இருக்கட்டும். மேடைப் பேச்சாளனான எனக்கு, இவ்விரண்டில் பின்னதே கடினமாக இருந்தது.