கழுத்தைத் திறந்தபோது நான் ட்ராமில் இருந்தேன்

பாண்டி பஜாரில், பூக்காரியிடம் என் மனைவி பேரம் பேசிக்கொண்டிருந்தபோது, என் இடது கண்ணில் ஒரு திரை இறங்கியது.

வலி இல்லை. சாம்பல் நிறத் திரை... மேலிருந்து மெதுவாக. கொஞ்ச நேரத்தில் தானாகவே ஏறிவிட்டது.

"இன்னாங்க, ஏன் அப்டியே நின்னுட்டீங்க?" என்றாள் ரோஸலின்.

"ஒண்ணுமில்ல" என்றேன். ஆண்கள் வேறென்ன சொல்லியிருக்கிறோம்?

அவள் விடவில்லை. கண் டாக்டரிடம் இழுத்துப்போனாள். அவர் கண்ணைப் பார்த்துவிட்டுக் கழுத்தை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இடது கழுத்துக் குழாய், கொழுப்பு படிந்து நூல் மாதிரி சுருங்கியிருந்தது. கண்ணில் விழுந்தது அதிலிருந்து உதிர்ந்த துணுக்குதானாம். அடுத்த துணுக்கு எங்கே போகும், யாருக்குத் தெரியும்?

"குழாயைத் திறந்து, படிஞ்சதைச் சுரண்டி எடுத்துட்டுத் தைச்சுடுவோம்" என்றார் சர்ஜன். "ஆபரேஷன் நடக்கும்போதே ஸ்ட்ரோக் வர சின்ன வாய்ப்பு உண்டு. உங்களுக்கு, பண்ணாம விட்டா அதைவிடப் பெரிய வாய்ப்பு."

அன்று ராத்திரி ரோஸலின் ஜெபமாலையை வழக்கத்தைவிட மெதுவாக உருட்டினாள்.

முழு மயக்கம் தரவில்லை. கழுத்தை மட்டும் மரத்துப்போக வைத்தார்கள். மயக்க மருந்து டாக்டர் பர்வீன் என்று ஒரு பெண். அன்று அவருக்கு என்னைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. வலது கையில் ஒரு ரப்பர் வாத்தைக் கொடுத்தார்.

"நான் சொல்றப்பல்லாம் அழுத்துங்க சார், அது கத்தணும். குழாயை அடைச்சு வேலை செய்யறப்ப மூளைக்கு ரத்தம் போகுதான்னு எங்களுக்குத் தெரியணும். நீங்க பேசிக்கிட்டே இருங்க. சின்ன வயசுல எங்க இருந்தீங்க?"

"சாந்தோம்."

முகத்துக்கு மேல் பச்சைத் துணிக் கூடாரம். நான் பேசத் தொடங்கினேன்.

யுத்த காலம். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பாதிப் பட்டணம் காலி. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். நாங்கள் ஊரைவிட்டுப் போகவில்லை. ஒரு மத்தியானம் அக்கா தெரசா, ராயப்பேட்டை அத்தை வீட்டுக்கு என்னைக் கூட்டிப் போனாள். லஸ்ஸில் ட்ராம் ஏறினோம். வண்டியில் எங்கள் இரண்டு பேரைத் தவிர ஆளே இல்லை. ஒவ்வொரு பெஞ்சாக மாறி மாறி உட்கார்ந்தோம்...

கழுத்தில் யாரோ கட்டைவிரலால் அழுத்துவதுபோல் இருந்தது. அதன்பின் எல்லாமே தெளிவாகிவிட்டது. ஜன்னல் வழியே வேப்பம்பூ வாசனை. வெயில் விழுந்த மரப்பலகையின் சூடு. அக்காவின் பாவாடையில் இருந்த நீலக் கோடு. நான் சொல்லிக்கொண்டே போனேன். இத்தனை வருஷம் பத்திரிகையில் பத்தி எழுதியும் அவ்வளவு அழகாக ஒரு கதை சொன்னதில்லை.

"சார், வாத்தை அழுத்துங்க."

அழுத்தினேனே.

"சார்... பேசுங்க சார்."

பேசிக்கொண்டுதானே இருக்கிறேன்?

என் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லையாம். வாத்தும் கத்தவில்லை. சர்ஜன் உடனே ஒரு சின்னக் குழாயைச் செருகி ரத்தத்துக்கு மாற்று வழி போட்டார். இதெல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம், வாத்து திடீரென்று கத்தியது, கூடாரத்துக்கு வெளியே யாரோ நீளமாக மூச்சுவிட்டார்கள். அவ்வளவுதான்.

மறுநாள் ஐ.சி.யூ.வில் பிரஷரை ஓயாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குரல் கரகரத்தது, விழுங்கினால் வலி. தாடை ஓரம் மரத்துக் கிடந்தது. இதெல்லாம் வருவதுதான், பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார்கள். ரவுண்ட்ஸ் வந்த பர்வீன் கேட்டார்: "பெஞ்ச் மாறி உட்கார்ந்தீங்க. அப்புறம் என்ன ஆச்சு சார்?"

யோசித்தேன். அந்த வாசனையும் நீலக் கோடும்தான் மிச்சம். அதற்குமேல் சொன்ன கதையில் ஒரு வார்த்தைகூட நினைவில் இல்லை.

வார்டுக்கு மாற்றியதும் பாலவாக்கத்திலிருந்து அக்கா வந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். முழங்கால் வலியோடு லிஃப்ட்டுக்குக் காத்திருந்து வந்தவள். அவளிடமே கேட்டேன்.

"அப்பால இன்னாடா ஆவும்? நீ என் மடியில தூங்கிட்ட" என்றாள். "ராயப்பேட்டை வந்துச்சு. எழுப்ப மனசு வரல. வண்டி போற வரைக்கும் போய், அதே வண்டியில திரும்பி வந்துட்டேன். அத்தை வீட்டுக்கே போவல. அப்பாகிட்ட நல்லா அடி வாங்கினேன்."

"எனக்குத் தெரியவே தெரியாதே அக்கா. ஏன் சொல்லல?"

"நீ எங்கடா கேட்ட?"

ரோஸலின் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஃபிளாஸ்க்கைத் திறந்தாள். நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்... இந்தத் தடவை நல்ல விழிப்போடு.

வீட்டுக்கு வந்து சில வாரமாகிறது. காது மடலுக்குக் கீழே இன்னும் உணர்ச்சி இல்லை. ஷேவ் செய்யும்போது, இது உன் கன்னம்தான் என்கிறது கண்ணாடி... சரி, சொன்னால் நம்பிக்கொள்கிறேன்.