சாமிக்குக் காட்டாத தேங்காய்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும், அக்காவின் மேல் அன்பு வைத்திருந்தவர்களுக்கும் தங்கையின் வணக்கம். இந்த வைகாசியோடு அக்கா போய் ஒரு வருடம் முடிகிறது. வழியில் எதையாவது புதிதாகப் பார்த்தால், அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று மனசு முந்திக்கொண்டு ஓடுகிறது. பிறகுதான் நினைவு வருகிறது.

அச்சகத்திலிருந்து வந்த தாளில் அக்காவின் படத்துக்குக் கீழே “பக்தியில் சிறந்த பெருமாட்டி” என்று போட்டிருந்தார்கள். அக்காவின் மகன் அதை என்னிடம் காட்டி, “சித்தி, அம்மாவோட பக்தியப் பத்தி நீங்கதான் எழுதணும். கூடவே போனது நீங்கதான, எல்லாம் தெரியும்” என்றான். எல்லாம் தெரியும்தான். அதனால்தான் எழுதக் கை வரவில்லை. “தெரிஞ்சத எழுதினா நீ போட மாட்ட” என்றேன். “நீங்க இன்னா எழுதினாலும் போடறேன்” என்றான். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான் என்பது நீங்கள் இதைப் படிப்பதிலிருந்தே தெரிகிறது.

அக்கா பெருநகரில் பிறந்தார். செய்யாற்றுப் பக்கம் எங்கள் நைனாவுக்கு இரண்டு காணி நிலம். அக்கா ஐந்தாவது வரை படித்தார். அதற்கு மேல் படிக்க வெளியூர் போக வேண்டும் என்பதால் நிறுத்திவிட்டார்கள். நாற்றங்காலில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே ஆற்றுப் பக்கம் கொக்குக் கூட்டம் இறங்கினால் அக்காவின் கை நின்றுவிடும். “இன்னாடி, வேடிக்கை பாத்துக்கினு நிக்கிற” என்று அம்மாவிடம் திட்டு வாங்குவார். பார்ப்பது என்றால் அக்காவுக்கு அவ்வளவு ஆசை. பதினெட்டு வயதில் உத்திரமேரூரில் கட்டிக்கொடுத்தார்கள். மாமாவுக்குப் பம்புசெட் மோட்டார் பழுது பார்க்கும் தொழில். மறு வருடம் என்னைத் திருப்புலிவனத்தில் கொடுத்தார்கள். இரண்டு வீட்டுக்கும் நடந்தே போய் வரலாம். அது எங்கள் அதிர்ஷ்டம் என்று அப்போது நினைத்தோம்.

அக்காவின் மாமியார் நல்ல மனுஷி. ஆனால் மருமகள் செருப்பைப் போட்டால் “எங்க போற, இன்னாத்துக்கு?” என்று கேட்காமல் விடமாட்டார். பார்க்கப் போகிறேன் என்று ஒரு பெண் அந்த நாளில் பதில் சொல்ல முடியாது. பஞ்சாயத்துப் பூங்காவில் கல்வாழை பூத்திருக்கிறது, ரேடியோ பாடுகிறது, போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொன்னால் புத்தி பிசகிவிட்டது என்பார்கள். “வேண்டிக்கினு கீறேன் அத்தை” என்றால் மட்டும் மறுபேச்சு கிடையாது. காணிக்கைக் காசைக்கூட மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்து வழியனுப்புவார்.

அக்கா இதை எப்போது கண்டுபிடித்தார் என்று எனக்குத் தெரியாது. நான் கவனித்தபோது நன்றாகத் தேறியிருந்தார். மகனுக்குச் சளி பிடித்தால் ஒரு கோயில், மகளுக்குப் பல் முளைக்கத் தாமதமானால் ஒரு கோயில். பெருமாள் கோயில் சுவரில் வெட்டியிருக்கும் பழைய எழுத்துகளை ஒரு வரி விடாமல் விரலால் தடவிக்கொண்டே சுற்றி வருவார். ஒரு எழுத்தும் புரியாது. “எம்மாம் பொறுமையா வெட்டிக்கிறான் பாரு” என்பார். சித்திரையில் பாரதக் கூத்து நடக்கும் ஊர்களில், அர்ச்சுனன் தபசு அன்று வேஷக்காரர் பனைமரத்தில் ஏறுவதைப் பார்க்கப் பிள்ளை வரம் கேட்கும் பெண்களோடு போய் நிற்பார். அக்காவுக்குத்தான் இரண்டு பிள்ளைகள் இருந்தார்களே, அதனால் எனக்காக வேண்டிக்கொண்டதாக வீட்டில் சொல்லிவிட்டார். எனக்கு அப்போது மூன்றாவது மாதம்.

வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்கப் போனதுதான் பெரிய வேலை. பறவைக்கு வேண்டுதல் எப்படி வைப்பது? வழியில் ஏதோ ஒரு எல்லையம்மனைக் கண்டுபிடித்து அவளுக்கு ஒரு பொங்கலை நேர்ந்துகொண்டார். பொங்கலை முறையாகவே வைத்தோம். அதையும் சொல்ல வேண்டும். சாக்குக்காகச் சொன்ன வேண்டுதலை அக்கா ஒரு நாளும் நிறைவேற்றாமல் விட்டதில்லை. முதலில் கும்பிடு, பிறகு வேடிக்கை. அப்படி ஒரு கணக்கு அவருக்கு.

மாமாவுக்கு எல்லாம் தெரியும். வேண்டுதலில் பாதி அவர் பேரில்தான் நடந்தது. காலையில் நாஷ்டா சாப்பிடும்போது குரலைத் தாழ்த்தி, “இந்த வாட்டி எனக்கு இன்னா சீக்கு?” என்று கேட்பார். அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு இன்னொரு இட்லியை வைப்பார். ஊருக்குள் அக்காவுக்கு வேண்டுதல்காரம்மா என்றே பெயர் வந்துவிட்டது. “போறதே போற, எம்பொண்ணு பேர்லயும் ஒரு தேங்கா ஒடச்சிட்டு வா” என்று தெருவில் பலர் கொடுத்தனுப்புவார்கள். இதைப் படிக்கும் உங்களில் சிலரும் கொடுத்திருப்பீர்கள்.

இனி எழுதப்போவதுதான் எழுதக் கஷ்டமானது.

காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலுக்குப் போக வேண்டும் என்று அக்கா ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சுவர் முழுக்கச் சிற்பம், சுற்றிலும் பச்சைப் புல்தரை என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மாமா அப்போது பலமாகக் குறட்டை விடுவார். அக்கா அதையே பிடித்துக்கொண்டார். “தூக்கத்துல மூச்சு வாங்கறாரு அத்தை. நெஞ்சுக்கு ஒண்ணும் வரக்கூடாதுன்னு வேண்டிக்கினு கீறேன்” என்றார். மாமியார் உடனே தேங்காய் எடுத்துக் கொடுத்தார்.

காலை பஸ்ஸில் போய் இறங்கினோம். சந்நிதிக்குப் போகும் வழியிலேயே மெட்ராஸிலிருந்து வந்த ஓவியம் படிக்கும் பிள்ளைகள் உட்கார்ந்து தூண்களை வரைந்துகொண்டிருந்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு பெண் சிங்கத்தூண் ஒன்றை வரைந்துகொண்டிருந்தாள். அக்கா பின்னால் நின்று பார்த்தார். வெறும் தாளில் கல் மெல்ல மெல்ல எழுந்து வருவதை நானும் கொஞ்ச நேரம் பார்த்தேன். அந்தப் பெண் திரும்பி, “அம்மா, அந்தத் தூண் பக்கத்துல கொஞ்சம் நிக்கிறீங்களா? ஆள் உயரம் தெரிஞ்சா நல்லா இருக்கும்” என்றாள். அக்கா கூடையைக் கையில் பிடித்தபடியே போய் நின்றார். நான் கால் வலிக்கிறது என்று புல்தரை ஓரம் நிழலில் உட்கார்ந்துவிட்டேன். தோட்டக்காரர் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். காற்று நன்றாக இருந்தது. கண் அசந்துவிட்டேன்.

எழுந்து பார்த்தால் உச்சிப் பொழுது. நடை சாத்தியாகிவிட்டது. அக்கா அப்போதும் தூண் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். படத்தில் தூணின் ஒவ்வொரு வளைவும் இருந்தது, அக்காவுக்கு முகம் இல்லை, வெறும் கோடு. “என்னையும் வெச்சிட்டா பாருடி” என்று அவ்வளவு சந்தோஷம். அந்த மாதிரி முகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. பிறகுதான் கூடையைப் பார்த்தார். நடை திறக்க மாலையாகும். அதுவரை இருந்தால் பால் கறக்கும் நேரம் தப்பிவிடும், வீட்டில் கேள்வி வரும். கடையில் ஒரு திருநீற்றுப் பொட்டலமும் குங்குமமும் வாங்கினோம். பஸ் ஸ்டாண்டு போகும் வழியில் ஒரு கல்லில் தேங்காயை உடைத்தோம். மூடியில் குங்குமம் தடவி, வாழை இலையில் மடித்தோம். பிரசாதம் ஆகிவிட்டது.

மாமா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு சில்லைக் கடித்துவிட்டு, “தேங்கா நல்லா இனிப்பா கீது” என்றார். அக்கா அடுப்பங்கரைக்குள் போய்விட்டார்.

ஏழு மாதம் கழித்துப் புள்ளலூரில் ஒரு கிணற்றில் மோட்டார் இறக்கிக்கொண்டிருந்தபோது மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மகனுக்கு அப்போது பதிமூன்று வயது.

எனக்கு வாய் நீளம். இது உங்கள் எல்லோருக்கும் தெரியும். கருமாதி அன்று தோட்டத்துப் பக்கம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது, அழுகையும் ஆத்திரமுமாக, “சாமிக்குக் காட்டாத தேங்காய மாமாவுக்குக் குடுத்துட்டியேக்கா” என்று சொல்லிவிட்டேன். அக்காவின் மாமியார் பின்னால் நின்றிருந்தது தெரியாது. இன்னும் இரண்டு மூன்று பேரும் இருந்தார்கள்.

“இன்னா தேங்கா?” என்று அவர் கேட்டார். நான் குனிந்து பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே இருந்தேன். அக்கா தலை குனிந்தபடி, “கைலாசநாதருக்கு எடுத்துக்கினு போனது அத்தை. நட சாத்திட்டாங்க. நான்தான் வழியில ஒடச்சேன்” என்றார்.

மாமியார் திட்டவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்றோடு அக்கா வெளியே போவது நின்றது. எருமை இரண்டு வாங்கிப் பால் ஊற்றி மகனைத் தொழிற்பயிற்சி வரை படிக்க வைத்தார். மகளுக்குக் கல்யாணம் முடித்தார். மாமியார் படுக்கையில் விழுந்த இரண்டு வருடமும் முகம் சுளிக்காமல் அள்ளிப்போட்டார். அவர் போன பிறகு போகாதே என்று சொல்ல யாருமே இல்லை. அப்போதும் ஐந்து நிமிஷ நடையில் இருந்த பூங்காவுக்குக்கூட அக்கா போகவில்லை. தாலி போன பிறகு வாசல் தாண்டாத உத்தமி என்று உறவில் பெருமையாகப் பேசினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சிலர் வேறு மாதிரியும் பேசினார்கள். பொய்ப் பிரசாதம் கொடுத்துப் புருஷனை முழுங்கினவள் என்று ஒரு கல்யாண வீட்டில் என் காதுபடவே சொன்னார்கள். நான் எழுந்து வேறு பந்தியில் போய் உட்கார்ந்தேன்.

ஒரு சித்திரையில் மட்டும் கேட்டுப் பார்த்தேன். “அர்ச்சுனன் தபசுக்கா, பகல்லதான். வாயேன்.” அக்கா சாணி தட்டிக்கொண்டே, “நீ போய்ட்டு வா. எனக்கு வேல கீது” என்றார். ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் தேங்காயைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

போன வருடம் வயிற்றில் கட்டி என்று செங்கல்பட்டில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். முற்றிவிட்டது என்றார்கள். அங்கேதான் கேட்டேன். “அக்கா, அன்னிக்கு நான் சொன்னது வாய் தவறி வந்ததுக்கா. மனசுல வெச்சிக்காத.” “தெரியும். வேணும்னு சொல்றவ இல்ல நீ” என்றார். பிறகு, “ஆனா சொல்லிட்டியே” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கஞ்சி ஆறிப்போச்சு என்பது போலச் சொன்னார்.

அன்று மாலை கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடச் சொன்னார். வெளியே ஒரு சரக்கொன்றை மஞ்சளாகப் பூத்திருந்தது. மூன்று நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸம்மா வந்து, “யாராச்சும் வரணுமாம்மா, வழி பாக்கிறீங்களா?” என்று கேட்டார். “யாரும் வரவேணாம்மா. பூ பாத்துக்கினு கீறேன்” என்றார். எதற்கு என்று அந்த அம்மா கேட்கவில்லை. தலையணையை உயர்த்தி வைத்துவிட்டுப் போனார். நான்காம் நாள் விடியலில் அக்கா போய்விட்டார்.

அந்த நர்ஸம்மாவுக்கும், வலி தெரியாமல் பார்த்துக்கொண்ட டாக்டருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்த ஒரு மாதமும் எருமைகளைத் தங்கள் வீட்டு மாடுபோலக் கறந்து கட்டிய பக்கத்து வீட்டாருக்கும், கூலியை விட்டுவிட்டு வந்து அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த நடவுப் பெண்களுக்கும், பெருநகரிலிருந்து பஸ் பிடித்து வந்து தோள் கொடுத்தவர்களுக்கும் என்ன சொன்னாலும் போதாது. தங்கள் வேண்டுதலை அக்காவிடம் கொடுத்தனுப்பியவர்கள் இதைப் படித்துவிட்டு மனம் கலங்க வேண்டாம். உங்கள் தேங்காய் ஒவ்வொன்றும் சாமிக்கு முன்னால் உடைந்தது. நான் பக்கத்தில் இருந்தேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. தேங்காயை உடைத்தோம் என்று மேலே எழுதிவிட்டேன். எழுதும்போதும் கை அப்படித்தான் போகிறது. அன்று அக்கா, “வேணாண்டி. நட சாத்திட்டாங்கன்னு வூட்ல உண்மையச் சொல்லிடலாம். அவரு சிரிப்பாரு, அத்தை ரெண்டு நாள் மூஞ்சி தூக்கி வெச்சிக்கும், அவ்ளோதான்” என்று சொன்னார். நான்தான் கேட்கவில்லை. கூடையிலிருந்து பிடுங்கிக் கல்லில் அடித்தது நான். குங்குமம் தடவியதும் நான். கருமாதி அன்று அத்தனை பேருக்கு முன்னால் அக்கா தன் தலையில் போட்டுக்கொண்டது என்னுடையதை. அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் அவர் இருந்தார், நடந்து போகும் தூரத்தில். ஆஸ்பத்திரியில் நான் மன்னிப்புக் கேட்டபோதுகூட, உடைத்தது நீதானே என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

உடைத்தது நான்தான் அக்கா.

தங்கை,
திருப்புலிவனம்