ஐந்தாம் ரீலில் வெட்டிய பாட்டு

சைகோனில் ஊரடங்கு நேரத்தை முன்னால் தள்ளிவிட்டார்கள். சாயங்கால ஆட்டம் கால் மணி நேரம் குறைய வேண்டும். எங்கள் தியேட்டர் முதலாளி காரைக்கால்காரர். கேபினுக்குள் வந்து சொன்னார்: "பாட்டையெல்லாம் வெட்டிடு தம்பி. வசனந்தான் கதை. பாட்டு இங்க யாருக்குப் புரியப்போவுது?"

நான் ஆபரேட்டர். நாங்கள் ஓட்டியது இந்தியப் படங்கள். ஹோவா என்ற பெண் பக்கத்து அறையில் மைக் முன்னால் உட்கார்ந்து, எல்லாப் பாத்திரங்களின் வசனத்தையும் வியட்நாம் மொழியில் அவளே பேசுவாள். அவள் பேசும்போது படத்தின் சத்தத்தை நான் குறைப்பேன். பாட்டு வந்தால் அவள் மைக்கை அணைப்பாள், நான் சத்தத்தைக் கூட்டுவேன்.

அந்த வாரப் படம் அமைதியான கதை. போரில் கணவனை இழந்து, பாடுவதையே விட்டுவிட்ட ஒருத்தி ஒரு வயலின்காரனின் அன்பால் மறுபடி பாடுகிறாள். அவள் மறுபடி பாடும் ஐந்தாம் ரீல் பாட்டோடு சேர்த்து படத்தின் நான்கு பாட்டுகளையும் வெட்டி, பிலிம் சிமென்ட் தடவி ஒட்டினேன். ஓட்டியபோது படம் ஒரு ஒட்டில்கூடக் குதிக்கவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் ஹோவா கேபினுக்கு வந்தாள். சட்டையில் துக்கத்துக்கான கறுப்புத் துணித் துண்டு குத்தியிருந்தது. புருஷன் போர்முனையில் செத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவள் மொழியில்தான் பேசிக்கொண்டோம்.

"அஞ்சாம் ரீல் பாட்டு எங்கே?"

"முதலாளி வெட்டச் சொன்னாரு."

"படம் முழுக்க ஊராருக்காக அழறேன். எனக்காக அழ அந்த நாலு நிமிஷந்தான் இருந்துச்சு. அதுவும் இல்லேன்னா நாளையிலேருந்து நான் வரலை."

வெட்கமாகப் போய்விட்டது. மறுநாள் காலை பாட்டைத் திரும்ப ஒட்டினேன். அந்த நாலு நிமிஷத்துக்கு ஈடாக முதலாளியின் துணிக்கடை விளம்பரத்தைத் தூக்கினேன்.

அன்று ஹோவா மைக்கை அணைக்க மறந்துவிட்டாள். பாட்டு வந்தபோது அவள் முனகுவது அரங்கம் முழுக்கக் கேட்டது. வார்த்தை தெரியாது, ராகம் மட்டும். விளம்பரம் எங்கே என்று சண்டை பிடிக்கக் கேபினுக்கு வந்த முதலாளி, சத்தத்தை நிறுத்த ஆம்ப்ளிஃபயரில் கை வைத்தார். கீழே ஒரு இருமல்கூட இல்லை. முன்வரிசையில் ஒரு சிப்பாய் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தான். முதலாளி கையை எடுத்துக்கொண்டார்.

"விளம்பரம் கெடக்கட்டும் தம்பி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

இப்போது தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். வெட்டுவதற்கு முன்னால் அந்த இடத்தை யார் எதற்காகக் காத்திருந்து பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். நான் கேட்காமல் வெட்டினேன்.

கறுப்புத் துணியை அவள் எடுத்த பிறகு நாங்கள் கல்யாணம் செய்துகொண்டோம். இன்றும் சமைக்கும்போது அந்தப் பாட்டை முனகுவாள். வார்த்தை இன்னும் தெரியாது. நான் எழுந்து போய் ரேடியோவின் சத்தத்தைக் குறைப்பேன்.