அர்மிரோவில் கப்பல் நிற்கவில்லை

ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுக வாசலுக்கு எதிரே இருக்கிற ரொட்டிக்கடையில் காலியோப்பியைத் தெரியாத மாலுமி கிடையாது. எள் தூவிய ரொட்டி வளையமும் பாலாடைக்கட்டி அடையும் விற்கிறவள். வாய் கொஞ்சம் நீளம். கப்பலுக்கு நேரமாகிவிட்டது என்று பதறுகிறவனிடம், "போனா போகட்டும் விடு. அந்தக் கப்பலுக்கு நீ மாமனா மச்சானா, உனக்காக நிக்க?" என்று கேட்டுக்கொண்டே பொட்டலத்தைச் சாவகாசமாக மடிப்பாள். தீவுகளுக்குப் போகிறவர்களுக்குக் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தே தலை நரைத்துப் போனவள். அப்படிப்பட்டவள் அன்று காலை அதே வாசலில் நின்று, தெரிந்தவன் தெரியாதவன் என்று பாராமல் எல்லார் கையையும் பிடித்துக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

மாதா திருநாளுக்கு முந்தின நாள். ஆகஸ்ட் மாதத்து வடகாற்று இரண்டு நாளாகக் கப்பல்களைக் கட்டிப் போட்டிருந்தது. அன்று விடியற்காலையில்தான் தடை நீங்கியது. ஏதென்ஸில் பாதிப் பேர் பெட்டியும் குழந்தையுமாகத் துறைமுகத்தில் குவிந்திருந்தார்கள். சீட்டு விற்கிற பெண் தலையை நிமிர்த்தாமலேயே இல்லை என்றாள். வாசலில் நின்ற காவலாளி காலியோப்பியின் கடை ரொட்டியைத் தின்று வளர்ந்த உடம்புக்காரன். அவனும் கையை விரித்தான்.

அவளுடைய மாமனார், கிழவர் நிக்கீதாஸ், முந்தின நாள் மாலை அர்மிரோ தீவில் செத்துப்போயிருந்தார். ஆனால் அவள் துடித்தது அவருக்காக இல்லை. அவர் எண்பதைத் தாண்டி, ஆட்டுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே போனவர். அப்படியொரு சாவுக்கு யார் அழுவார்கள்? அவரைப் புதைக்கப் போகிற குழியில்தான் அவளுடைய மகன் இருந்தான். அதற்காகத்தான் துடித்தாள்.

அர்மிரோ முழுக்கப் பாறை. குடும்பத்துக்கு ஒரு குழிக்குமேல் தோண்ட மண் கிடையாது. எங்கள் பக்கத்தில் மூன்று வருடம் ஆனதும் குழியைத் திறந்து, எலும்பை எடுத்து, ஒயின் ஊற்றிக் கழுவி, வெயிலில் உலர்த்திப் பெட்டியில் அடுக்குவது வழக்கம். கழுவுவது தாயின் வேலை. காலியோப்பி அந்த வேலையைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாள். சின்ன நிக்கீதாஸ், தாத்தாவின் பேரைச் சுமந்த ஒரே பிள்ளை, பத்தொன்பது வயதில் பைக்கோடு கல்சுவரில் மோதிப் போனவன், ஐந்தாவது வருடமாக அங்கேயே கிடந்தான். ஒவ்வொரு ஆகஸ்டும் மண்வெட்டியை எடுத்துவைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பார்கள். "இந்த வருஷம் வேண்டாம்" என்பாள். பார்க்க பயம். உடம்பு மக்காமல் இருந்துவிட்டால்? எலும்பு கறுத்திருந்தால்? அதற்கும் ஒரு பாவக்கதை கட்ட ஊரில் ஆள் இருக்கிறது. மாமனார் மட்டும் அவளை வற்புறுத்தவே இல்லை.

"நீ சரின்னு சொல்ற வரைக்கும் நான் சாகமாட்டேன், போ" என்பார். "எனக்கு என்ன அவசரம்? ஆடு இருக்கு, ஒயின் இருக்கு."

அந்த நல்ல மனுஷன் வாக்குத் தவறிவிட்டார்.

செய்தி சொன்னது ஊர்ப் பாதிரியார். கணவன் தியமந்திஸ் எண்ணெய்க் கப்பலில் எங்கோ அரபிக்கடல் பக்கம் இருந்தான். வீட்டில் மிச்சம் இருந்தது அவனுடைய தங்கை ஃபோத்தினி ஒருத்திதான். அவள் கூப்பிட்டிருந்தால் காலியோப்பி போனை எடுத்திருக்கமாட்டாள். அந்த பைக்கை மருமகனுக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கிக் கொடுத்தவள் ஃபோத்தினி. மகனைக் குழியில் இறக்கின அன்று ஊரே பார்க்க, "உன் கை என் பிள்ளை மேல படக் கூடாது. ஒரு பிடி மண்ணுகூடப் போடாதே" என்று கத்தியவள் காலியோப்பி. ஃபோத்தினி கையிலிருந்த மண்ணை அப்படியே கீழே விட்டுவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சில்லை.

"சாமி, நான் வர்ற வரைக்கும் குழியைத் தொடாதீங்க" என்று போனில் மன்றாடினாள் காலியோப்பி.

"கப்பல் வர்ற வரைக்கும் காத்திருக்கேன்மா. மண்ணை மட்டும் தள்ளி வைக்கச் சொல்றேன், அவன் மேல மூடின பலகையை எடுக்க மாட்டோம். ஆனா வெயில் என்ன போடு போடுதுன்னு உனக்கே தெரியும். பெரியவரை அதுக்கு மேல வச்சிருக்க முடியாது."

அதனால்தான் அந்தக் கெஞ்சல். கடைசியில் அவளுக்கு வழி விட்டவன் ஆர்கீரிஸ் என்ற லாரிக்காரன். தொந்தியும் சிரிப்புமாக இருப்பான், தினமும் அவளிடம் கடன் சொல்லி அடை தின்பவன். அவனுடைய லாரி நிறைய தர்பூசணி. அர்மிரோவுக்கு அடுத்த பெரிய தீவில் திருநாள் கூட்டத்துக்கு இறக்க வேண்டும்.

"ஏறுக்கா" என்றான். "துணை டிரைவர்னு சொல்லிக்கலாம். கேட்டா, பழம் வாந்தி எடுத்தா பிடிக்கிறதுக்கு ஆள் வேணும்னு சொல்றேன்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மடியில் பையை இறுக்கிக்கொண்டு ஏறினாள். பையில் ஒரு வெள்ளைத் துணி, மகன் கல்யாணத்துக்கென்று எடுத்துப் பூட்டி வைத்திருந்தது. எலும்பை அதில்தான் பரப்ப வேண்டும் என்று நினைத்திருந்தாள்.

கரை மறைந்ததும் கடல் தன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. வெளியூர்க்காரர்கள் முதலில் கூவினார்கள், பிறகு படம் எடுத்தார்கள், பிறகு பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். காலியோப்பி உட்காரவே இல்லை. மேல்தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கப்பலைத் தானே தள்ளுகிறவளாக முன்பக்கம் சாய்ந்து நின்றாள். வழியில் இரண்டு தீவுகளில் கப்பல் நின்றபோது, இறங்குகிறவர்களின் நிதானத்தைப் பார்த்து அவளுக்கு வயிறு எரிந்தது. ஒரு கிழவி தன் கோழிக்கூடையைத் தேடித் திரும்பி வந்தாள். அவளை அங்கேயே கழுத்தை நெரித்தால் என்ன என்று தோன்றியது.

"ஏதாச்சும் சாப்பிடுக்கா" என்றான் ஆர்கீரிஸ்.

"நான் ஏன்டா போன வருஷமே செய்யல? போன வருஷம் காத்தே இல்ல. கடல் எண்ணெய் ஊத்தின மாதிரி கிடந்தது. நான்தான் மாட்டேன்னேன்."

"இப்போ அதை நினைச்சு என்ன பண்றது? வந்தாச்சு. இன்னும் கொஞ்சம்தான்."

அர்மிரோ கண்ணில் பட்டபோது காற்று உச்சத்தில் இருந்தது. எங்கள் துறை வடக்கே பார்த்தது. அதைக் கட்டின புண்ணியவான் யாரோ, அவன் காலத்தில் வடகாற்று வீசவில்லை போலிருக்கிறது. கூடவே ஒரு மேடும் தெரிந்தது. மேட்டின்மேல் கல்லறைத் தோட்டத்தின் வெள்ளைச் சுவர். அதற்குள் சின்னச் சின்னதாகக் கறுப்புடை ஆட்கள். "காத்திருக்காங்க" என்றாள். படிகளில் தடதடவென்று இறங்கி, வண்டிகள் நிற்கிற அடித்தளத்துக்குப் போய், பின்பக்கக் கதவருகே முதல் ஆளாக நின்றாள்.

கப்பல் திரும்பிப் பின்பக்கமாகத் துறையை நெருங்கியது. நங்கூரச் சங்கிலி இறங்குகிற சத்தம் கேட்டது. பெரிய கதவு பாதி தாழ்ந்தது. வெளிச்சமும் உப்பு நீரும் சேர்ந்து முகத்தில் அடித்தன. கரை அங்கேயே இருந்தது. கயிற்றுக்காகக் கை நீட்டி நின்ற ஆட்களின் முகம்கூட அடையாளம் தெரிந்தது. அவர்களுக்குப் பின்னால், ஒதுங்கி, கறுப்புத் துணி போர்த்தி நின்றவள் ஃபோத்தினி. அப்போது ஒரு வீச்சு வந்து கப்பலின் பின்பாகத்தை அப்படியே பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போனது. கப்பல் விலகிப் போய், மறுபடி வந்தது. இந்த முறை ஒரு கயிறு கரையைத் தொட்டது. தொட்ட வேகத்தில் விறைத்து அறுந்தது. மாலுமிகள் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு பின்வாங்கினார்கள்.

ஒலிபெருக்கி கரகரத்தது. காற்றின் காரணமாக அர்மிரோவில் கப்பல் நிற்காது, இறங்க வேண்டியவர்கள் அடுத்த தீவில் இறங்கிக்கொள்ளவும் என்றது. அதையே இங்கிலீஷிலும் சொன்னது, அதே குரலில், மரியாதையாக.

"இல்ல" என்றாள் காலியோப்பி. கதவைக் கவனிக்கிற மாலுமியின் சட்டையைப் பிடித்தாள். "இன்னொரு தடவை வரச் சொல்லு. உனக்கு என்னைத் தெரியும். உனக்கு தினமும் ரொட்டி குடுக்கிறேன்ல? மேல போய் கேப்டன்கிட்ட சொல்லு, என் பிள்ளையைத் தோண்டுறாங்கடா!"

"அம்மா, பாறையில மோதிச்சுன்னா இத்தனை பேரும் சாவாங்க. கையை விடு."

அவள் கையை விட்டாள். பையிலிருந்த துணியை எடுத்துச் சுருட்டி, கரையைப் பார்த்து முழு பலத்தோடு வீசினாள். துணி காற்றில் விரிந்தது. இடையிலிருந்த தண்ணீரில் விழுந்தது. நுரையோடு நுரையாக ஒரு நிமிஷம் மிதந்து உள்ளே போனது. துணிக்குப் பின்னாலேயே அவளும் போயிருப்பாள். ஆர்கீரிஸ் அவள் இடுப்பைக் கட்டிப் பின்னுக்கு இழுத்தான். அவன் முகத்தில் அறைந்தாள். அவன் விடவில்லை. கதவு மேலே ஏறி மூடிக்கொண்டது.

மாடிப்படி ஓரமாக, காற்று எட்டாத மூலையில் அவளை உட்கார வைத்தபோது போன் அடித்தது. பாதிரியார்.

"பாத்தேன்மா. எல்லாரும் பாத்தோம். மண்ணைத் தள்ளியாச்சு. பெரியவரைத் தூக்கிட்டு வந்துட்டாங்க. இனிமே என்னால முடியாது. பக்கத்து வீட்டு ஸ்மராக்தா கழுவுறேன்னு சொல்றா."

"ஸ்மராக்தாவா? அவ என் பிள்ளை எலும்பைப் பாத்துட்டு சாயங்காலத்துக்குள்ள கடைத்தெருவுல விலாவாரியா சொல்லுவா. வேண்டாம்."

"அப்போ யாரும்மா? நீயே சொல்லு."

கப்பல் முனையை நோக்கித் திரும்பியது, படிக்கட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இறங்க முடியாத இன்னும் சிலர் மேலே கேப்டனைத் திட்டுவது கேட்டது.

"ஃபோத்தினி எங்கே?" என்று கேட்டாள்.

"துறையிலிருந்து ஓடி வந்தா. வாசல்கிட்ட நிக்கிறா. உள்ள வரல."

"அவகிட்ட குடுங்க."

மறுமுனையில் மூச்சு வாங்குகிற சத்தம். பிறகு காலியோப்பிதான் வெடித்தாள். "பைக் வாங்கிக் குடுத்தியேடி! அவன் கேட்டானா? நான் வேண்டாம்னு சொன்னேனா இல்லையா? சொன்னேனா இல்லையா?"

"சொன்னே அண்ணி."

"கொன்னுட்டியேடி."

"திட்டு அண்ணி. உனக்குத் தோணுற வரைக்கும் திட்டு. ஆனா பலகையைத் தூக்கப் போறாங்க. நான் போகட்டுமா, வேண்டாமா? நீ வேண்டாம்னா நான் அவனைத் தொட மாட்டேன்."

காலியோப்பி நெற்றியைச் சுவரில் முட்டினாள். ஒரு வெளியூர்க் குடும்பம் படியில் இறங்க வந்தது. ஆர்கீரிஸ் தன் தொந்தியை வழியில் நிறுத்தி அவர்களைத் திருப்பி அனுப்பினான்.

"போ" என்றாள் காலியோப்பி. "போனை அணைக்காதே. சாமிகிட்ட குடுத்துப் பக்கத்துல பிடிக்கச் சொல்லு. நான் சொல்றபடி செய். உன் இஷ்டத்துக்குச் செய்யாதே."

"உன் இஷ்டப்படிதான்."

பலகை நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு பெண்களின் குரல்கள், ஒருத்தி தொடங்க மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். "வாடா கண்ணு! நல்லபடியா வந்தியா ராசா!" குழியிலிருந்து வருகிறவனை எங்கள் ஊரில் அப்படித்தான் வரவேற்பார்கள். பயணம் போய்த் திரும்பினவனுக்கும் அதே வார்த்தைதான்.

"எப்படி இருக்கான்?" கேட்டாள் காலியோப்பி. "ஃபோத்தினி, எப்படிடி இருக்கான்? நிறம் என்ன?"

"மஞ்சளா இருக்கான் அண்ணி. மெழுகு நிறம். ஒரு கறுப்பு இல்ல, ஒண்ணும் இல்ல. சுத்தமா இருக்கான். நான் பொய் சொல்லல, சாமியைக் கேளு."

"உண்மைதான்மா" என்றார் பாதிரியார்.

ஐந்து வருடமாக அவள் பயந்த பயம் அந்த இடத்தில் அவளை விட்டது. விட்ட இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது: அவன் அழகாக இருக்கிறான், அதை அவளைத் தவிர எல்லாரும் பார்க்கிறார்கள். அப்போதுதான் அவள் வாய்விட்டு அழுதாள். இறங்க முடியாமல் போன ஆத்திரமும், தள்ளிப் போட்ட வருடங்களும் எல்லாம் சேர்ந்து வந்தது. ஆர்கீரிஸ் போனை அவள் காதிலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டான். அவன் கன்னத்தில் அவள் விரல்கள் இன்னும் சிவப்பாகத் தெரிந்தன.

"அண்ணி, ஆரம்பிக்கட்டுமா? ஒயின் ரெடியா இருக்கு. அப்பாவோட பீப்பாயிலேருந்து எடுத்ததுதான்."

"கால்லேருந்து ஆரம்பி. அவசரப்படாதே. ஒண்ணு ஒண்ணா எடு."

"சரி."

"இடது கையைப் பாரு. சின்ன வயசுல அத்திமரத்துலேருந்து விழுந்தான். முழங்கைக்குக் கீழே முடிச்சு மாதிரி இருக்கும்."

ஒயின் சலசலக்கிற சத்தம். பிறகு, "இருக்கு அண்ணி. விரல்ல தட்டுப்படுது."

"அவன்தான்" என்றாள் காலியோப்பி, ஆர்கீரிஸைப் பார்த்து. "அவன்தான்டா."

வட்டச் சன்னலில் அர்மிரோ சிறுத்துக்கொண்டே போனது. மேட்டின் வெள்ளைச் சுவர் ஒரு கோடாகத் தெரிந்தது, பிறகு முனை மறைத்துவிட்டது. போனில் குரல் விட்டு விட்டு வந்தது. விலா ஆயிற்று, தோள் ஆயிற்று என்று ஃபோத்தினி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். இவள் ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டினாள்.

"தலைதான் அண்ணி மிச்சம்" என்றாள் ஃபோத்தினி.

"மெதுவா. ரெண்டு கையாலயும் பிடி."

"பிடிச்சிருக்கேன்."

"ஃபோத்தினி."

"சொல்லு அண்ணி."

"மேலேருந்து ஊத்தாதே. கண்ணுல போயிடும். அவனுக்கு எரிஞ்சா கத்துவான்."

மறுமுனையில் யாரோ ஒரு பெண் விம்முவது கேட்டது. ஃபோத்தினி விம்மவில்லை. குழந்தையைக் குளிப்பாட்டுகிறவளின் குரலில் சொன்னாள்:

"போகாது அண்ணி. கையை வச்சு மறைச்சுக்கிட்டேன்."